கழிவு ஒன்றரைக் கிலோ

அப்பாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "தர்மவான். கை நீட்டினவனுக்கு இல்லேன்னு சொல்லாத மனுசன்." சாம்பார் வாளியோடு பந்தியில் நின்ற சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அங்கே போனபிறகு அழுகையும் வந்தது, அது வேறு.

அப்பா ஒரு நாளைக்கு நாற்பது தடவை இல்லை என்று சொல்கிறவர். குலசேகரம் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் முப்பத்தெட்டு வருடம் ரப்பர் ஷீட் கடை நடத்தினார். அந்தச் சந்தில் எல்லோரும் அதிகம் கேட்ட சொல் 'கழிவு'. ஷீட்டில் ஈரம் இருந்தால் எடையில் கழிவு, பட்டைத் துணுக்கு இருந்தால் கழிவு, குமிழ் இருந்தால் தரம் ஒரு படி கீழே. பின்னால் இருந்து அவரைத் திட்டிக்கொண்டே போனவர்களில் பாதிப்பேர் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து தர்மவான் என்றார்கள். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது சரிதான். ஆனால் அவர்கள் பேசப்பேச, யாரோ எனக்குத் தெரியாத ஒரு பெரியவர் செத்துப்போனதுபோல இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

ரப்பர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் பெரும்பாலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம்தான். அதிலும் மேற்கே திருவட்டார், குலசேகரம், அருமனை, களியல், பேச்சிப்பாறைப் பக்கம். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மண். பெரிய எஸ்டேட்டுகள் உண்டு, அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் உண்டு. ஆனால் அப்பாவின் கடைக்கு வந்தவர்கள் முப்பது சென்டும் ஐம்பது சென்டும் வைத்திருந்தவர்கள். வீட்டைச் சுற்றி ஐம்பது அறுபது மரம். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்கு, அதாவது பாலெடுக்கப் பட்டையைக் கீற, போவார்கள். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். சிரட்டையில் வடிந்த பாலைப் பத்து மணிக்கு முன் எடுத்து, அரித்து, தண்ணீர் விட்டு, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் சேர்த்தால் உறையும். தோசைமாவு போல இருந்தது தயிர்க்கட்டி போல ஆகும். அதை மிஷினில் கொடுத்து உருட்டவேண்டும். முதலில் வழவழப்பான ரோலர், கடைசியில் வரிபோட்ட ரோலர். வெளியே வரும்போது வெள்ளையாக, சொட்டச்சொட்ட, கைக்குட்டையைப் பெரிதாக்கினமாதிரி இருக்கும். நிழலில் நீர் வடியவிட்டுப் புகைப்புரையில் மூன்று நாலு நாள் போட்டால் தேன் நிறத்துக்கு வரும். புகைப்புரை இல்லாதவர்கள் அடுக்களைப் பரணில் போடுவார்கள், அதுவும் இல்லாதவர்கள் கொடியில் வெயிலில்.

இந்த ஷீட்டை வாங்குகிறவனுக்குத் தேவை ஒரு தராசும் ஒரு ஜன்னலும் என்பார் அப்பா. தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை உண்டு. ஜன்னலுக்கு முத்திரை கிடையாது, அது அவரவர் கண். எங்கள் கடை கிழக்குப் பார்த்தது. எதிர்வரிசையில் வாடகை குறைவாக ஒரு கடை கிடைத்தும், அது மேற்குப் பார்த்தது என்று வேண்டாமென்றாராம். காலை வெயிலுக்கு நேரே ஷீட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். உள்ளே ஈரம் இருக்கிற இடம் கண்ணில் பூ விழுந்ததுபோல வெள்ளையாகத் தெரியும். பால் புளித்துப்போய் உறைந்திருந்தால் ஊசிமுனைக் குமிழ்கள். சரியாக அரிக்காத பாலில் பட்டைத் தூள். ஃபார்மிக் ஆசிட் விலை கூடிவிட்டதென்று கந்தக ஆசிட்டை ஊற்றியிருந்தால் கையால் தொட்டதுமே சொல்லிவிடுவார். பார்த்து முடித்ததும் மடித்து, தரத்தில் "நாலாம் நம்பர்" என்பார், அல்லது அதற்கும் கீழே "லாட்டு" என்பார். ஒன்றாம் நம்பர் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாலை ஐந்து மணிக்குமேல் சரக்கு எடுக்கமாட்டார். "டியூப் லைட்டு பொய் சொல்லும் ஓய். நாளைக்கு வாரும்."

இதில் ஏமாற்ற இரண்டு பக்கமும் வழியுண்டு. விற்கிறவன் காயாத ஷீட்டைக் கட்டுக்கு நடுவில் வைப்பான். வாங்குகிறவன் காய்ந்த ஷீட்டைக் காயவில்லை என்பான். சந்தில் மற்ற கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. கழிவு எழுதமாட்டார்கள், "உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி கழிவு" என்று சிரித்துக்கொண்டே தரத்தை இறக்கிப்போடுவார்கள். விற்றவர் சந்தோஷமாகப் போவார். அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை, அல்லது பிடிக்கவில்லை. துண்டுச் சீட்டில் எடை, கழிவு, நம்பர், விலை என்று நாலையும் தனித்தனியாக எழுதி, வாசித்துக் காட்டித்தான் பைசா எண்ணுவார். அந்தக் கழிவுதான் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது.

விலை அவர் கையில் இல்லை. கோட்டயம் விலை என்று ஒன்று உண்டு. அது மலையாளப் பத்திரிகையில் வரும். அப்பா பிறந்தது 1951. அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1ஆம் தேதி, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே அவர் சென்னை மாநிலத்துக்காரர் ஆனார், ஐந்து வயதில். படித்தது தமிழ்ப் பள்ளியில். மலையாள எழுத்து தெரியாது. கடை போட்ட பிறகு சாயாக்கடையில் ஒரு மலையாளப் பத்திரிகையை விரித்துவைத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார், அந்த ஒரே பத்திக்காக. கடைசிவரை அவருக்குத் தெரிந்த மலையாளம் ரப்பர், குருமிளகு, அடைக்கா, தேங்காய், சுக்கு. முதல் பக்கத்தில் எந்த அரசு கவிழ்ந்தாலும் அவர் கண் நேரே வணிகப் பக்கத்துக்குப் போகும்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஷீட் வாசனை என்று சிலர் கவிதைபோல எழுதுகிறார்கள். அவர்கள், சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் மூட்டை கிடக்கும் அறையில் ஒரு மத்தியானம் தூங்கிப் பார்க்கலாம். புளித்த பாலும் புகையும் ஆசிட்டும் கலந்த அந்த நெடி, அப்பாவின் சட்டையில், பைக்கில், அவர் கையால் உரித்துத் தந்த மட்டிப்பழத்தில்கூட இருக்கும். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் இடம் மாறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என் யூனிஃபார்மை அப்பாவின் வேட்டியோடு ஊறப்போடக்கூடாது என்று அம்மையிடம் சண்டை போட்டேன். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் முதல் அவர் வேட்டியும் சட்டையும் கிணற்றடியில் தனி வாளியில் கிடந்தன. அதை அவரே துவைத்தார். பேச்சு ஒன்றும் இல்லை. ஃபார்மிக் ஆசிட் எறும்பின் உடலிலும் இருக்கிறது என்று பிறகு வேதியியல் வகுப்பில் படித்ததை ஓடிவந்து அவரிடம் சொன்னேன், ஒருவகை சமாதானமாக. "அதுதான் கடிச்சா எரியுது, இல்லியா" என்றார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் நான் கடையில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு வைரல் காய்ச்சல். எடை போடுவதும் சீட்டு எழுதுவதும் எனக்குத் தெரியும், வெயிலுக்குப் பிடித்துப் பார்க்கவும் ஓரளவு தெரியும். மூன்றாம் நாள் களியல் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னதால் பாதிதூரம் சுமந்து வந்ததாகச் சொன்னார். ஷீட் கட்டை அவிழ்த்தேன். நடுவில் ஐந்தாறு ஷீட் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒன்றரைக் கிலோ கழிவு எழுதவேண்டும். பாட்டியின் கழுத்துப் பக்கம் சுமை அழுத்திய தடம் சிவந்திருந்தது. எழுதவில்லை. முழு எடைக்கும் பைசா கொடுத்தேன். கிலோ நாற்பது ரூபாய்ப் பக்கம் இருந்த காலம். பாட்டி என் கன்னத்தைக் கிள்ளி முத்தினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் போனேன் என்று நினைக்கிறேன்.

அப்பா எழுந்து கடைக்கு வந்த அன்று அடுக்கிலிருந்து ஒவ்வொரு ஷீட்டாக எடுத்துப் பார்த்தார். அந்த ஐந்தாறு ஷீட்டும் தனியே வந்துவிட்டது. யாருடையது என்றார். சொன்னேன். ஏன் எழுதவில்லை என்றார். அதையும் சொன்னேன். பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவர் பற்று வரவு நோட்டை எடுத்தார். என் பெயரை ஒரு தனிப் பக்கத்தின் தலைப்பில் எழுதி, கீழே 'கழிவு 1½ கிலோ – ரூ. 60' என்று போட்டார்.

"பாட்டிக்கு நீ குடுக்கணும்னா குடு மக்களே. நல்ல காரியம். ஆனா அது உனக்க பைசாவா இருக்கணும். எனக்க பைசாவ எடுத்து நீ புண்ணியம் வாங்கப்பிடாது."

அந்த வருட விஷுவுக்குக் கைநீட்டமாகக் கிடைத்த எழுபத்தைந்து ரூபாய் பவுடர் டப்பாவில் இருந்தது. கொண்டுவந்து அறுபதை மேஜைமேல் வைத்தேன். கோபத்தில் எறிந்தேன் என்றும் சொல்லலாம். அவர் எண்ணினார். மூன்று இருபது ரூபாய் நோட்டை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் எடுத்துக்கொண்டார். வரவில் எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு 'தீர்ந்தது' என்றார். நான் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மை எனக்காக அவரிடம் பேசி, அதனால் அம்மையும் அவரும் பேசாமல், வீடே பேசாமல் கிடந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பாட்டிக்கு நான் உண்மையாகவே அறுபது ரூபாய் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. கிள்ளிய கன்னம் அதற்குப் பிறகுதான் எனக்குச் சொந்தமானது.

2011இல் ரப்பர் விலை பைத்தியம் பிடித்ததுபோல ஏறியது. கிலோ 230 ரூபாயைத் தாண்டியது. குலசேகரத்தில் புது பைக்குகள், புது மாடிகள். வாழையையும் மரச்சீனியையும் பிடுங்கிவிட்டு ரப்பர் கன்று வைத்தார்கள், காயல் பக்கத்து நிலத்தில்கூட ரப்பர் வைப்பார்கள் போல என்று ஊரில் கேலி பேசினார்கள். ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: வாங்கின சரக்கு கடையில் ஏழு ராத்திரிக்குமேல் தூங்கக்கூடாது. வண்டி கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்த வருடம் சட்டத்தை மீறினார். முன்னூறு தொடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். மூன்று டன் பிடித்து வைத்தார். கடையில் இடம் போதாமல் எங்கள் வீட்டுத் திண்ணையும் நெல் இல்லாத பத்தாயமும் நிறைந்தன.

விலை இறங்க ஆரம்பித்தது. அடுத்த மழைக்கு ஷீட் பூத்தது. பூசணம் பிடித்தால் எங்கள் ஊரில் பூத்துவிட்டது என்றுதான் சொல்வோம், கேட்க அழகாக இருக்கும். விடுமுறைக்கு வந்த நான், என் கணவர், அம்மை, சித்தப்பா எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து துணியால் ஒவ்வொரு ஷீட்டாகத் துடைத்தோம். துடைத்தாலும் தரம் ஒரு படி போனது போனதுதான். கடைசியில் கிலோவுக்கு அறுபது ரூபாய் நஷ்டத்தில் கொடுத்தார். சந்தில் பக்கத்துக் கடைக்காரர், வருத்தப்படுகிற குரலில், "எவ்வளவு போச்சு முதலாளி?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் மழுப்புவார்கள். அப்பா, "ஒரு லெச்சத்தி எம்பதாயிரம். எடை கொறஞ்சது தனி" என்றார். கேட்டவர்தான் அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார். வீட்டுக்குப் பின்னால் இருந்த பதினைந்து சென்ட் அதில் போனது.

அதற்குப் பிறகு அப்பா இருந்தவரை விலை அந்த உயரத்துக்கு ஏறவே இல்லை. 2016 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. வெட்டுக்கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று பலர் மரத்தைச் சும்மா விட்டார்கள். அந்த நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். ரொக்கத்தில் நடந்த கடை இரண்டு மாதம் தூங்கியது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. மார்த்தாண்டத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தர மாதச் சம்பளம் வாங்கினான். அவன் போட்டதை அப்பா வீட்டில் பென்சிலால் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

பிறகு ஒக்கி. 2017 நவம்பர் 30. எங்கள் பக்கத்து ஆட்கள் புயலைக் கடற்கரைக்காரர்களின் துன்பம் என்று நினைத்தே வளர்ந்தவர்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத அந்தச் சாவுகளுக்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேசவே கூசுகிறது. ஆனாலும் சொல்லவேண்டும். ரப்பர் மரம் காற்றுக்கு நிற்காது. விடிந்து பார்த்தபோது சரிவு சரிவாக நடுவில் முறிந்து கிடந்தன, முறிந்த இடத்தில் பால் வடிந்து உறைந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நான்காம் நாள்தான் எனக்கு அப்பாவின் குரல் கிடைத்தது. "வீடு நிக்குது. அம்மை நல்லா இருக்கா. மரம் போச்சு" என்று தந்தி வாசிப்பதுபோலச் சொன்னார்.

முன்பணம் வாங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். ஷீட்டைத் தந்து கழித்துக்கொள்வதாக வாங்கிய பணம். இப்போது மரமே இல்லை. தள்ளுபடி செய்துவிடுங்கள் என்று அப்பாவிடம் நானும் சொன்னேன், சென்னையில் இருந்துகொண்டு போனில் சொல்வது சுலபம். அவர் ஒருவருக்கும் தள்ளவில்லை. தவணையை நீட்டினார், வட்டி என்று எதுவும் கிடையாது. ஆனால் நோட்டில் அந்தத் தொகை அப்படியே நின்றது. கடுமையாகப் பேசினேன் அன்றைக்கு. "நான் தள்ளினேன்னு வை," என்றார், "அவன் அப்புறம் இந்தச் சந்துக்குள்ள வரமாட்டான். என்னப் பாத்தா மறுசைடு போவான். முப்பது வருசம் வந்துபோன ஆளு. கடன் கெடந்தா வருவான்."

வந்தார்கள். முறிந்த மரத்தை விறகு விலைக்கு விற்றவர்கள் ஆயிரம் ஐந்நூறு கொண்டுவந்தார்கள். மிஞ்சிய பத்து மரத்தில் சொட்டிய ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாயா குடித்து, புதுக் கன்று வைக்கலாமா, பேசாமல் அன்னாசி போடலாமா என்று ஒரு மணிநேரம் அவரிடம் வாதாடிவிட்டுப் போனார்கள். முழுக்கச் சரி என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். இரண்டுபேர் வரவேயில்லை, அதில் ஒருவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர்களுக்கு அந்தக் கடன் ஒரு பாரமாகவே இருந்திருக்கும்.

அப்பா 2022 மாசியில் போனார். ரப்பர் இலை உதிர்ந்து செம்புநிறத் தளிர் விடுகிற நாட்கள், வெட்டு கிடையாது, கடையில் ஈ ஓட்டுகிற காலம். திருவட்டார் ஆதிகேசவப் பெருமாளுக்கு நானூறு வருடத்துக்குமேல் கழித்துக் கும்பாபிஷேகம் நடக்கப்போகிறது என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அது ஜூலை 6இல் நடந்தது. அம்மை மட்டும் போய்வந்தாள்.

கடையைக் காலிசெய்தபோது நோட்டுகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முப்பத்தெட்டு வருடத்துக் கணக்கு. அவர் குடித்த சாயாகூட எழுதியிருக்கிறது. மழைக்கு வாங்கிய குடை, சைக்கிளுக்குப் போட்ட பஞ்சர். என் அறுபது ரூபாயும் இருந்தது, குறுக்கே கோடு போட்டு. நான் தேடியது வேறு. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி ஐந்து வருடம் படித்தேன். அந்த வருடங்களின் நோட்டை அம்மையும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஃபீஸ், மெஸ், புத்தகம், ஒரு வரிகூட இல்லை. "அதெல்லாம் எழுதமாட்டாரு" என்றாள் அம்மை. எழுதியிருக்கிறாரா என்று நான் ஏன் தேடுகிறேன் என்பது அவளுக்குப் புரியவில்லை.

தராசை மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார். கழியில் கடைசியாகத் தொங்கிய ஷீட்டில் ஒன்றை மட்டும் நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டுதடவை குனிந்து தன் செருப்பை முகர்ந்து பார்த்தார். இப்போது பால்கனியில் துணிக்கொடியில் கிடக்கிறது. ஐப்பசி மழையில் பூக்கும், துடைப்பேன். பால்கனி தெற்குப் பார்த்தது, காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் வெயில் வரும். பிடித்துப் பார்த்தால் வலதுமூலையில் ஒரு பட்டைத் துணுக்கு தெரிகிறது. கொண்டுவந்த அன்று அடுக்களைத் தராசில் 560 கிராம் இருந்தது. போன வாரம் நிறுத்தேன், 538. நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மிச்சம் எங்கே போனது என்று கேட்டாள். தண்ணீர், என்றேன். காயவே இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள் தாத்தாவுக்கு என்றாள்.